பித்தக் குழாய்ப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய பின்: மருந்துகளைச் சேர்க்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

போன மாதம் எங்கள் வாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி எழுதிய குறிப்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. "பிலிருபின் ஏறியுள்ளது, இம்யூனோதெரபியால் வந்த ஈரல் அழற்சியாக இருக்கலாம், பிரெட்னிசொலோன் தொடங்கவும்." பிலிருபின் என்பது ஏறினால் கண் மஞ்சளாகும் பித்த நிறப்பொருள், இம்யூனோதெரபி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொய்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஏறக்குறைய இதே சொற்களை நானும் ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறேன். டோஸ் கணக்குப் பிழைகள், திகதி மாறிப்போவது போன்றவற்றை யாராவது ஒரு மிஸியே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார், அவற்றை இங்கே எழுதவில்லை.

இந்தப் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது அரிது. அதனாலேயே எவர் கையிலும் போதிய அனுபவம் சேர்வதில்லை, ஒருவர் விட்ட பிழையை அடுத்தவரும் புதிதாக விடுகிறார்.

இரண்டு மருந்தென்றால் இரண்டு மடங்கு பலன் என்று நம்புவது

கனடாவிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் கேட்பார்: "டொக்டர், அப்பாவுக்கு இம்யூனோவும் டார்கெட்டும் சேர்த்துக் குடுக்கலாம்தானே, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ." அந்த அன்புக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளோடும் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்த டோபாஸ்-1 ஆய்வு 2022இல் வெளிவந்தது, 685 பேர் சேர்ந்திருந்தார்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், 11.5 மாதத்திலிருந்து 12.8 மாதமாகக் கூடியது. கேட்கச் சிறிய வித்தியாசம்தான், ஆனால் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேர் என்ற மதிப்பீடு 25 அளவுக்கு உயர்ந்தது. அந்த ஆய்வு மூளைப் பரவலுக்கு விடை தேடி நடத்தப்பட்டது அல்ல.

மகன் கேட்ட 'டார்கெட்' என்பது கட்டியின் செல்லில் உள்ள ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்து, அதற்கு முதலில் அந்த இலக்கு இருக்க வேண்டும். எஃப்ஜிஎஃப்ஆர்2 இணைவு இருந்தால் பெமிகாட்டினிப், ஐடிஎச்1 மாற்றம் இருந்தால் ஐவோசிடெனிப், ஹெர்2 கூடியிருந்தால் அதற்கென்று வேறு மருந்துகள். மூளைக்குப் பரவியவர்களில் இவற்றை இம்யூனோதெரபியோடு சேர்ப்பதற்குப் பெரிய ஆய்வின் பலம் எதுவும் இல்லை, ஒவ்வொரு நோயாளியின் அனுபவக் குறிப்பை வைத்துத்தான் பேசுகிறோம். மூளையில் உள்ள கட்டிக்கு அறுவையோ குறிபார்த்த கதிர்ச் சிகிச்சையோ முடியுமா என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

கண் மஞ்சளானதும் புது மருந்தின் மேல் பழி போடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வடமராட்சியிலிருந்து வந்த ஒரு அம்மா. மூளையில் இருந்த ஒற்றைக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து, வீக்கத்துக்காக டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீரொய்டு போய்க்கொண்டிருந்தது, டுர்வாலுமாப்பும் கட்டிக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களைத் தடுக்கும் லென்வாட்டினிப் குளிசையும் சேர்ந்தே நடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கண் மஞ்சளாக, சிறுநீர் கடும் நிறத்தில் வந்தார். காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாதபடியால் தொற்று இல்லை என்று முடிவு கட்டினேன். ஈரல் செல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி கூடியிருந்ததைப் பார்த்தேன், அதைவிடப் பல மடங்கு ஏறியிருந்த, குழாய் அடைப்பைச் சுட்டும் ஏஎல்பியைக் கண்ணால் தாண்டிப் போனேன். மகள் பக்கத்தில் நின்று, "டொக்டர், போன முறையும் அம்மா முதலில் இப்படித்தான் உடம்பெல்லாம் சொறிஞ்சவ, அந்தக் குழாய் அடைச்சிருக்குமோ?" என்று கேட்டார். இல்லை, இது மருந்தால் வந்தது என்றேன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் பிரெட்னிசொலோன் எழுதினேன், ஸ்கானைத் திங்களுக்குத் தள்ளினேன்.

ஞாயிறு இரவு இரத்த அழுத்தம் விழுந்தது. அல்ட்ராசவுண்டில் பித்தக் குழாய்கள் பெருத்துக் கிடந்தன, குழாயைத் திறந்து வைக்க நாலு மாதத்துக்கு முன் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் பொதுவாக மூன்று மாதமளவில் அடைக்கத் தொடங்கும் என்பது நான் பரீட்சைக்குப் படித்ததுதான். காய்ச்சல் வராததற்குக் காரணம், அவர் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்த டெக்ஸாமெதாசோன் அதை அமுக்கி வைத்திருந்தது. அதன்மேல் நான் இன்னும் ஸ்டீரொய்டு ஊற்றினேன். ஸ்டென்டை மாற்றி, அன்டிபயோட்டிக் கொடுத்து அவர் பிழைத்தார், ஆனால் பதினெட்டு நாள் கட்டிலில் கிடந்து நடை போய்விட்டது, நகை அடகு வைத்து வாங்கிய டுர்வாலுமாப் இரண்டு முறை தவறியது.

இப்போது நான் செய்வது இது. இந்த நோயில் பிலிருபின் ஏறினால் அன்றைக்கே அல்ட்ராசவுண்ட், இரத்தக் கல்ச்சர், ஸ்டென்ட் வைத்த திகதி. ஏஎல்பியும் ஜிஜிடியும் முன்னால் ஓடினால் அடைப்பை முதலில் தேடுகிறேன், ஏஎல்டியும் ஏஎஸ்டியும் முன்னால் ஓடினால் இம்யூனோதெரபியையும் குளிசையையும் யோசிக்கிறேன், இம்யூனோதெரபி பித்தக் குழாயையே அழற்சியாக்கும் சந்தர்ப்பமும் உண்டென்பதால் ஸ்கான் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. நெடுந்தீவிலிருந்து வருபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், காற்றுக் காலத்தில் படகு நின்றால் அவரால் நினைத்தவுடன் குறிகட்டுவான் துறைக்கு வந்து சேர முடியாது. சொறிவு, வெளிறிய மலம், குளிர் நடுக்கம், இதில் எது வந்தாலும் காய்ச்சலுக்குக் காத்திராமல் புறப்படச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

டெக்ஸாமெதாசோனுக்கு முடிவுத் திகதி எழுதாமல் விடுவது

மூளை வீக்கத்துக்கு அது தேவை, தலையிடியும் வாந்தியுமாக வருபவருக்குக் கொடுக்கத் தயங்கக் கூடாது. ஆனால் 8 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் என்பது 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசொலோனுக்குச் சமம். தினம் 10 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசொலோன் எடுத்துக்கொண்டே இம்யூனோதெரபி தொடங்கியவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததை, முக்கியமாக நுரையீரல் புற்றுநோயில், கண்டிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, அவர்கள் முதலே கூட நோயுற்றிருந்ததாலும் இருக்கலாம். எப்படியோ, ஒரு வாட்டில் எழுதியதை அடுத்த கிளினிக் அப்படியே பிரதி பண்ணி, கிழமைக் கணக்காக இழுத்து, சீனி 400க்கு ஏறி, தொடை மெலிந்து கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் போன ஐயாமாரைப் பார்த்திருக்கிறேன். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையைத் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இம்யூனோதெரபியையும் இலக்குக் குளிசையையும் ஒரே நாளில் தொடங்குவது

வேண்டாம். பிறகு எது என்ன செய்தது என்று தெரியாது.

வலிப்புக்குக் கை பழகியபடி பெனிட்டோயின் எழுதுவது

பெனிட்டோயினும் கார்பமசெப்பினும் ஈரலின் சிவைபி3ஏ4 நொதியைத் தூண்டிவிடும், பெமிகாட்டினிப் போன்ற குளிசைகள் வேலை செய்யுமுன்னே உடம்பில் சிதைந்து போகும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய குளிசை வேலை செய்யவில்லை என்று பிறகு சொல்வோம். அதற்குப் பதிலாக லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தை எழுதுங்கள், சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில்.

திசுவை முடித்துவிடுவது

குழாய்க்குள் பிரஷ் போட்டு எடுத்த நாலு செல் புற்றுநோய் என்று சொல்லப் போதும், மரபணுப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் போதாது. பயொப்ஸி செய்பவரிடம் முதலே பேசி ஒரு துண்டு கூட எடுக்கச் சொல்லுங்கள், நோயியல் கூடத்தில் மெழுகுக் கட்டியை வைத்திருக்கச் சொல்லுங்கள். மூளைக் கட்டியை அறுவையில் எடுத்தார்கள் என்றால் அந்தத் திசுவையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தம்பியின் நோயாளிக்கு அன்று பின்னேரமே ஸ்கான் எடுத்தோம், ஸ்டென்ட்தான் அடைத்திருந்தது, பிரெட்னிசொலோன் கொடுக்கவில்லை. மரபணுவுக்கு அனுப்பத் திசு இருக்கிறதா என்று கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.