சிங்கப்பூர் ஃபேபர் மலை: நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேபர் மலையின் உயரம் சுமார் 105 மீட்டர்தான். ஏற்காடும் கொடைக்கானலும் போய்வந்தவர்களுக்கு இது வெறும் மேடாகத் தோன்றும். அந்த எண்ணத்தில் பலர் ரப்பர் செருப்போடும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடும் பகல் பதினொரு மணிக்கு வந்து சேர்கிறார்கள். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தை எட்டுவதற்குள் முகம் சிவந்து, டாக்சி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறார்கள்.

இங்கே ஆளை அசத்துவது உயரமல்ல, புழுக்கம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கும் குன்று இது. உச்சிக்குப் போனாலும் குளிராது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வையுங்கள். ஏறும் முன்பே ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் வாங்கிவிடுங்கள். ஃபேபர் உச்சியை விட்டால் ஹோர்ட்பார்க் பூங்கா வரைக்கும் வழியில் கடையை நம்ப முடியாது. காலை ஏழு மணிக்கு, விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது நல்லது. இல்லையென்றால் மாலை நாலரைக்குத் தொடங்கலாம். இடைப்பட்ட நேரத்தில் நடப்பதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

எங்கே தொடங்குவது என்று யோசிக்காமல் போவது

ஃபேபர் மலை தனிப் பூங்கா அல்ல. சதர்ன் ரிட்ஜஸ் எனப்படும் சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதைத் தொடரின் கிழக்கு முனை அது. அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ், தெலுக் பிளாங்கா குன்று, ஃபாரஸ்ட் வாக் என்னும் உயர்மட்ட நடைபாதை, அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலம், ஹோர்ட்பார்க், கெண்ட் ரிட்ஜ் என்று மேற்கே போகும். முழுவதையும் முதல் தடவையிலேயே நடந்துவிட நினைப்பதுதான் பெரிய தவறு. ஃபேபர் மலைக்கும் ஹோர்ட்பார்க்கிற்கும் இடையிலான பகுதியே போதும். நிதானமாக நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். இந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதியும் அதுதான்.

காலையில் வருபவர்கள் ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தின் டி வாயிலில் வெளியேறி, மராங் பாதை வழியாக ஏறலாம். 800 மீட்டர் நீளமுள்ள காட்டுப்பாதை அது. பெரும்பகுதி படிகள். நீளம் குறைவுதான் என்று வேகமாக ஏறுபவர்கள் பாதியிலேயே மூச்சு வாங்கி நிற்பார்கள். ஏற்றம் முழுவதும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், முதல் இருபது நிமிடம் பேச்சைக் குறைத்து மெதுவாக ஏறுங்கள். அதன் பிறகு பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான்.

மாலையில் வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சர்க்கிள் லைன் ரயில் தடத்தில் லாப்ரடோர் பார்க் நிலையத்தில் இறங்கி, அலெக்சாண்ட்ரா சாலை வழியாக ஹோர்ட்பார்க் போய், அங்கிருந்து கிழக்கே நடங்கள். ஏற்றம் மெல்ல மெல்ல வரும். ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் மறையும் என்பதால், ஆறே முக்காலுக்கு ஃபேபர் உச்சியில் இருப்பதுபோல் திட்டமிடலாம். காலையில் போகும் திசையிலேயே மாலையிலும் போனால், அந்தி வெளிச்சம் விழும் நேரத்தில் காட்டுக்குள் இருப்பீர்கள். இருட்டிய பின் மராங் படிகளில் இறங்க வேண்டாம். தார்ச்சாலை வழியாகவோ டாக்சியிலோ இறங்குங்கள்.

கேபிள் காரை மலையேறும் வண்டியாக நினைப்பவர்களும் உண்டு. 1974 முதல் ஓடும் அந்தச் சேவை மலையையும் செந்தோசா தீவையும் இணைப்பதற்கானது. கட்டணமும் அந்தப் பயணத்தைக் கணக்கில் வைத்ததே. செந்தோசா போகிறீர்கள் என்றால் தாராளமாக ஏறுங்கள். உச்சிக்கு மட்டும் போவதற்கு அது வீண் செலவு.

காட்சியைத் தவறான இடத்தில் தேடுவது

1845-ல் மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்ல்ஸ் எட்வர்டு ஃபேபர் இந்தக் குன்றின் உச்சிக்குச் சாலை வெட்டினார். கப்பல்களுக்குச் சைகை காட்டும் நிலையம் அமைக்கத்தான் அந்தச் சாலை. குன்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. துறைமுகம் நன்றாகத் தெரியும் என்பதால் தேர்ந்தெடுத்த இடம்தான். ஆனால் இன்று சரிவெல்லாம் மரம் அடர்ந்திருக்கிறது. கேபிள் கார் நிலையத்தைச் சுற்றி மட்டும் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் மேலே ஏறி ஃபேபர் பாயிண்ட்டுக்குப் போங்கள். மலையின் உச்சி அதுதான். தெற்கே துறைமுகமும் செந்தோசாவும், மறுபக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளும் நகரமும் அங்கிருந்து தெரியும். புகைமூட்டம் உள்ள நாளில் எவ்வளவு உயரம் ஏறினாலும் காட்சி கிடைக்காது. அன்றைக்குக் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் 274 மீட்டர். அலைபோல வளைந்த மரத்தளத்தில் ஏறிச் சறுக்கி விளையாடும் பிள்ளைகளைக் கண்டிப்பாகத் தடுத்து நிறுத்துங்கள். மழை பெய்து காயாத பலகையில் கால் வழுக்கும். வளைவுகளுக்குள் இருக்கும் இருக்கைகள் சாய்ந்து ஓய்வெடுப்பதற்குத்தான்.

ஃபாரஸ்ட் வாக்கைச் சாதாரணப் பாலம் என்று நினைப்பது

வரைபடத்தில் தெலுக் பிளாங்கா குன்றுக்கும் அலெக்சாண்ட்ரா ஆர்ச்சுக்கும் இடையே தூரம் மிகக் குறைவாகத் தெரியும். நடக்கும் தூரமோ 1.3 கிலோமீட்டர். பாதை வேண்டுமென்றே முன்னும் பின்னுமாக வளைந்து போகிறது. செங்குத்தான சரிவைப் படிகளே இல்லாமல் மென்மையான சாய்வில் கடப்பதற்காகச் செய்த அமைப்பு அது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக முடிவது அதனால்தான். முதியவர்களோடு வருபவர்கள் மராங் படிகளைத் தவிர்த்து, அலெக்சாண்ட்ரா ஆர்ச் பக்கமிருந்து இந்தப் பாதையில் விருப்பப்பட்ட தூரம் போய்த் திரும்பினாலே காட்டின் மேல்பகுதியை நன்றாகப் பார்த்துவிடலாம்.

தளம் முழுக்க இரும்புக் கம்பிவலை. காலுக்குக் கீழே தரை தெரியும். குனிந்து பார்த்தால் வலையின் கட்டங்கள் வழியே பெரணிகளும் மரக்கிளைகளும் தெரியும். சில இடங்களில் மர உச்சிகளே பாதத்துக்குக் கீழே இருக்கும். உயரம் என்றாலே தலைசுற்றும் ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குதிகால் செருப்பு கட்டத்தில் சிக்கும். புடவை கட்டி வருபவர்கள் தலைப்பைச் செருகிக்கொள்வது நல்லது. செல்பேசி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிக்கு வெளியே எட்டிப் படம் எடுக்காதீர்கள். விழுந்தால் தேடி எடுப்பது கடினம்.

இடிமழையை அலட்சியம் செய்வது

உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். இந்தப் பாதையின் முக்கியமான இரண்டு பகுதிகள் எவை? ஒன்று முகட்டில் திறந்தவெளியாக நிற்கும் பாலம், இன்னொன்று நீண்ட இரும்பு நடைபாதை. இரண்டிலுமிருந்து சட்டென்று இறங்க முடியாது. எனவே மேற்கே வானம் கறுத்தால், ஃபாரஸ்ட் வாக்கில் கால் வைக்கும் முன்பே நில்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிச்சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். நாலு தூணும் கூரையும் மட்டும் உள்ள கூடாரம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மைஇஎன்வி (myENV) செயலியில் மழை வரைபடமும் மின்னல் எச்சரிக்கையும் கிடைக்கும். கிளம்பும் முன் ஒரு தடவையும் பாதி வழியில் ஒரு தடவையும் பாருங்கள்.

குரங்குக்கு இரங்கி உணவு போடுவது

நீள்வால் குரங்குகள் வழியில் தென்படலாம். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே உணவு என்று அவை பழகிவிட்டன. வாங்கிய தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கண்ணுக்குக் கண் முறைப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் குரங்குக்குச் சண்டை அழைப்பு. அமைதியாக, ஓடாமல் விலகுங்கள். பழம் போடுவதைப் புண்ணியம் என்று கருதுபவர்கள் நம்மில் உண்டு. இங்கே அது குற்றம். வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: மனிதரிடம் உணவு பழகிய குரங்கு குடியிருப்புகளுக்குள் நுழையும், பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்கும், கடைசியில் தொல்லை என்று பிடிக்கப்பட்டு உயிரிழக்கும்.

பூ, இலை பறிப்பதும் கூடாது. 2022 ஜூலை முதல் எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் புகைபிடிக்கத் தடை உள்ளது. அடிபட்டோ மயங்கியோ யாராவது விழுந்தால் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். "ஃபாரஸ்ட் வாக்கில் எங்கோ" என்று சொன்னால் அந்த 1.3 கிலோமீட்டர் வளைவில் உங்களைக் கண்டுபிடிக்க நேரமாகும். செல்பேசி வரைபடம் காட்டும் இடத்தையும் கடைசியாகக் கடந்த பலகையில் எழுதியிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.