தலையில அடிபட்ட காலேஜ் ஃபுட்பால் பிளேயர் பண்ணக்கூடாத தப்புகள்

நான் சொல்றது அமெரிக்க காலேஜ் ஃபுட்பால், ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் ஓடிவந்து மோதுற ஆட்டம். இதுல முதல் தப்பே "மயங்கி விழலையே, அப்புறம் என்ன"ன்னு விட்டுடறதுதான். கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கி கொஞ்ச நாள் சரியா வேலை செய்யாம போறது, ஆன பெரும்பாலானவங்களுக்கு மயக்கமே வராது. எழுந்து நின்னுடுவான், ஆனா அடுத்த பிளேக்கு தப்பான இடத்துல போய் நிப்பான், ஸ்கோர் என்னன்னு ரெண்டாவது தடவை கேப்பான், ட்ரெய்னர் வந்து டிசம்பர்ல இருந்து மாசத்த தலைகீழா சொல்லுன்னா அக்டோபர்லயே தடுமாறுவான். அப்பவே வெளிய உக்கார வெச்சுடணும், அன்னைக்கு திரும்ப இறக்கவே கூடாது.

ஹெல்மெட் இருக்குன்னு நம்பறதும் தப்பு. அது மண்டையோடு உடையாம காப்பாத்தும், உள்ள மூளை குலுங்கறத நிறுத்தாது. அதே மாதிரி சிடி ஸ்கேன் நார்மல்னா கன்கஷன் இல்லன்னு ஆகாது, அது ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான்.

ஆனா எனக்கு ரொம்ப பதறுறது பசங்க மறைக்கறதுதான். டீம்ல இடம் போயிடுமோன்னு பயந்து தலைவலிய சொல்லவே மாட்டாங்க, சில பேர் சீசனுக்கு முன்னாடி, நல்லா இருக்கப்ப ஞாபகசக்தி, வேகம் எல்லாம் எப்படி இருக்குன்னு அளந்து வைக்கிற பேஸ்லைன் டெஸ்ட்லயே வேணும்னு சொதப்பி வெச்சுக்கறாங்க, பின்னாடி அடிபட்டாலும் மார்க் குறைஞ்ச மாதிரி தெரியாதுன்னு. 2003ல வந்த ஒரு ஆய்வுல கிட்டத்தட்ட 2,900 காலேஜ் பிளேயர்ஸ பாத்தாங்க, ஒரே சீசன்ல ரெண்டாவது தடவை கன்கஷன் ஆனவங்க 12 பேர், அதுல 11 பேருக்கு முதல் அடி பட்டு 10 நாளுக்குள்ளயே ஆயிருக்கு. ஆறாத மூளைல இன்னொரு அடி விழுந்தா, அபூர்வமா மூளை வீங்கி உயிரே போயிடும்.

இருட்டு ரூம்ல வாரக்கணக்கா படுத்துக் கெடக்கறதும் பழைய வைத்தியம். முதல் 24ல இருந்து 48 மணி நேரம் அடக்கமா இருந்து, ஃபோன் பாக்கறத குறைச்சுட்டு, அப்புறம் மெதுவா நடக்கலாம், எக்சர்சைஸ் சைக்கிள் மிதிக்கலாம். பிறகு ஓட்டம், மோதல் இல்லாத டிரில், டாக்டர் ஓகே சொன்னப்புறம்தான் மோதுற பிராக்டிஸ். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு நாள். நடுவுல வாந்தி நிக்காம வந்தாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, ஒரு கண்மணி மட்டும் பெருசா தெரிஞ்சாலோ உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

கிளாஸ மறந்துடாதீங்க. ரெண்டு பக்கம் படிச்சாலே எழுத்து மங்குதுன்னா புரொஃபசர்கிட்ட சொல்லி பரீட்சைய தள்ளி வாங்குங்க, முழு கிளாஸும் தலைவலி இல்லாம உக்கார முடியாதவன் கிரவுண்டுல மோதப் போகவே கூடாது.