முடக்குவாதத்துக்குச் சீன மூலிகை மாத்திரை வாங்குமுன்

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருந்துகொண்டு இணையத்தில் சீன மூலிகை மாத்திரையை வரவழைக்க எண்ணும் முடக்குவாத (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோயாளி, டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள தாவரப் பெயரை முதலில் படிக்க வேண்டும்; "எதிர்ப்புச் சக்தியைச் சீராக்கும்" என்ற முன்பக்க வாசகத்தால் எதுவும் விளங்காது.

பெர்பெரின் என்றிருந்தால், சீனர்களின் ஹுவாங்லியன் வேரிலும் நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளிலும் உள்ள அதே பொருள்தான் அது. அழற்சியின்போது மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் நிதானமாக ஆற்றல் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, குளுக்கோஸை அவசரமாகச் சிதைத்து லாக்டேட்டாக்கி, வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பெர்பெரின், செல்லின் ஆற்றல் இருப்பைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே நொதியைத் தூண்டி இப்போக்கைத் தணிப்பது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் காணப்பட்டதே. வாய்வழி உட்கொண்டால் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்வதால், மனித மூட்டுக்கும் அது அப்படியே பொருந்துமென்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

டிரிப்டெரிஜியம் என்றிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சீனாவில் முடக்குவாதத்துக்கு உண்மையிலேயே பரிந்துரைக்கப்படும் கொடி இது. ஆனால் கல்லீரலையும் விந்து உற்பத்தியையும் மாதவிடாயையும் கெடுக்கக்கூடியது என்பதால், குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் தொடவே கூடாது.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுப்பவர், டப்பாவையே மருத்துவரிடம் காட்டிக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளட்டும். பழைய மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை எடுப்பவருக்கோ, இரத்தத்தில் அம்மருந்தின் அளவைப் பெர்பெரின் உயர்த்திவிடும்.