கைவேலை நகையைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

நீங்கள் செய்த தோட்டைப் போட்டுக்கொண்டு யாராவது வெளியே போனாலே போதும், "இதையே தொழிலா பண்ணலாமே" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பாராட்டுவது வேறு, காசு கொடுத்து வாங்குவது வேறு, வாங்கியவர் அடுத்த மாதமும் தேடி வருவது அதைவிட வேறு. அதற்கு நடுவில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மணி கோர்ப்பது, கம்பி வளைப்பது, பாலிமர் களிமண் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களி), ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகும் திரவம்) என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்திருப்பீர்கள். பொழுதுபோக்குக்கு அது சரி. விற்க இறங்கும்போது ஒன்றையோ இரண்டையோ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவி, தனிக் கையிருப்பு வேண்டும், கடைசியில் உங்கள் பணமெல்லாம் டப்பா டப்பாவாக அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. எல்லோருக்கும் பிடித்த உங்கள் தோடு ஒன்றை எடுத்து, அதே மாதிரி பத்து ஜோடி செய்து பாருங்கள். பத்தும் ஒரே உயரத்தில் தொங்குகிறதா, வளையங்கள் ஒரே அளவில் இருக்கிறதா, முன்பக்கம் பார்த்து நிற்கிறதா? ஆர்டர் கொடுப்பவர் படத்தில் பார்த்ததைத்தான் கேட்பார், "கையால் செய்தது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்ற பதில் ஓரளவுக்குத்தான் செல்லும். உருண்டை முனைக் குறட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் கம்பியை அந்தக் கோட்டிலேயே வைத்துச் சுற்றுங்கள். குறடு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால்தான் வளையம் பெரிதும் சிறிதுமாக வருகிறது, இந்த ஒரு கோடு அதைச் சரிசெய்துவிடும்.

உறுதியில் சமரசம் வேண்டாம். பாகங்களை இணைக்கும் சின்னக் கம்பி வளையமான ஜம்ப் ரிங்கை அகலமாக இழுத்துத் திறக்கக் கூடாது. இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னாலும் மறு முனையை பின்னாலும் திருப்பித் திறக்க வேண்டும், மூடும்போதும் அதே வழியில் திரும்பி, விரல் நகத்தை ஓட்டினால் இடைவெளி தட்டாத வரை கொண்டுவர வேண்டும். காதுக் கொக்கிக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர் கம்பி பொதுவாகப் பொருந்தும். வெட்டிய முனையை அரத்தால் உருட்டி, உங்கள் விரலில் தேய்த்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

நிக்கல் பலருக்கு ஒவ்வாது, காது சிவந்து அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்ட வரம்பே வைத்திருக்கிறது: தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது, துளைக்குள் போகும் பாகத்துக்கு அது 0.2தான். டைட்டானியம், நியோபியம் கொக்கிகள் வைத்திருந்தால் இந்தக் கவலை போய்விடும். உலோகத்தின் பெயரையும் உள்ளபடி எழுதுங்கள். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 92.5 சதவீதம் வெள்ளி இருக்க வேண்டும், முலாம் பூசியதை முலாம் என்றே சொல்லுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், பொருள் செலவை இரண்டால் பெருக்கிவிட்டு அதையே விலை என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை எழுதுங்கள். செய்த நேரம் மட்டும் போதாது, படம் எடுத்தது, விசாரித்தவர்களுக்குப் பதில் சொன்னது, பொட்டலம் கட்டியது எல்லாமே வேலைதான். ஒரு ஜோடித் தோட்டுக்குப் பொருள் 100, உங்கள் ஒரு மணி நேரக் கூலி 200, ஆனது முக்கால் மணி என்றால் கூலி 150. கருவித் தேய்மானம், மின்சாரம், உறை எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 280, இதில் லாபம் இன்னும் சேரவே இல்லை. "300க்குக் கொடுக்கலாம்" என்று முடிவு செய்கிறீர்கள். பிறகு ஒரு கடை உங்கள் தோட்டை வைத்து விற்றுத்தருகிறேன் என்று 40 சதவீதம் கேட்டால் கையில் வருவது 180. பொருளும் இதரச் செலவும் போக மிஞ்சுவது 50, நீங்கள் போட்ட கூலியில் மூன்றில் ஒரு பங்கு! கடை வழியாகவும் விற்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே விலை 550, 600 என்று இருக்க வேண்டும். பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய விலையில் வாங்கியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அவ்வளவு விலைக்குப் போகாது என்று தோன்றினால் கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். எல்லாக் கம்பியையும் முதலில் வெட்டி, பிறகு எல்லா வளையத்தையும் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் மாட்டினால் ஒவ்வொன்றாகச் செய்வதைவிடச் சீக்கிரம் முடியும். அப்படியும் கட்டுப்படியாகாத வடிவத்தை, உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை உங்கள் ஆசைக்குச் செய்துகொள்ளலாம்.

படத்துக்குப் பெரிய கேமரா தேவையில்லை. பகலில் ஜன்னலோரம், ஃப்ளாஷ் இல்லாமல், நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டை. காதில் போட்டு எடுத்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள், "நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கே" என்ற புகார் பாதியாகக் குறையும். அடுத்தவர் வடிவத்தை அப்படியே எடுத்து விற்காதீர்கள், சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அது இன்னொருவரின் உழைப்பு. ரெசினில் வேலை செய்தால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் தோல் ஒவ்வாமை வந்து அந்த வேலையையே விட வேண்டி வரலாம்.

இருக்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். நகைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரவையும் செலவையும் அதன் வழியாகவே நடத்துங்கள், உங்கள் ஊரில் பதிவுக்கும் வரிக்கும் என்ன விதி என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் எந்த மாதம் விற்கும், எந்த மாதம் படுத்துவிடும் என்று தெரியும். படுத்த மாதத்திலும் வீட்டுச் செலவுக்குத் தாங்குகிறதா என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.