ஹெர்பீஸ் பரிசோதனை அறிக்கையும் தீராத எரிச்சலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறப்புறுப்பில் எரிச்சல், அரிப்பு, ஊசி குத்துவது போன்ற வலி, அவ்வப்போது லேசான சிவப்பு. மாதக்கணக்கில் விடுவதாக இல்லை. பயத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். ‘ஹெர்பீஸ் ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று அறிக்கை வருகிறது. அந்த நொடியிலேயே, இத்தனை நாள் பட்ட துன்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இந்த முடிவுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஹெர்பீஸ் என்பது வாயிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளங்களையும் புண்களையும் உண்டாக்கும் வைரஸ் தொற்று. இந்த ரத்தப் பரிசோதனை அந்த வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது இருந்தால், வாழ்நாளில் எப்போதோ அந்த வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது, இன்றைய எரிச்சலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இவற்றில் ஒன்றுக்கும் அந்த அறிக்கையில் பதில் கிடையாது.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, முதல் வகைத் தொற்று இருக்கிறது. பலருக்கு அது சிறுவயதிலேயே, பெரியவர்களின் முத்தத்தின் வழியாக வாய்ப்பகுதியில் வந்து சேர்கிறது. எனவே முதல் வகைக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால், மனிதகுலத்தின் பெரும்பான்மையோடு நீங்களும் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதையும் படிக்க முடியாது. முதல் வகை பிறப்புறுப்பிலும் தொற்றும் என்பது உண்மை. ஆனால் வாயில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ரத்தம் சொல்லாது. இரண்டாம் வகைக்கு அர்த்தம் சற்று அதிகம், ஏனெனில் அது பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில்தான் தங்குகிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 13 விழுக்காட்டினரிடம் அது உள்ளது. அவர்களில் மிகப் பலருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

இரு வகைகளையும் பிரித்துச் சொல்லாத பரிசோதனைகளும் உண்டு. ‘ஹெர்பீஸ் 1, 2 ஐஜிஜி’ என்று ஒரே எண்ணாக வரும் அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வைரஸின் ‘கிளைக்கோபுரோட்டீன் ஜி’ என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்டு, வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனைதானா என்று ஆய்வகத்திடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஐஜிஎம் என்ற பொறி

ஐஜிஎம் என்பது இன்னொரு வகை எதிர்ப்பொருள். ‘ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிய தொற்று’ என்பார்கள். வேறு சில நோய்களில் இப்படிப் படிப்பது சரி. ஹெர்பீஸில் தவறு. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐஜிஎம் தோன்றலாம். வகைகளையும் அது பிரித்துக் காட்டாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல், ஹெர்பீஸுக்கு ஐஜிஎம் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. அப்படியிருந்தும் பல ஆய்வகத் தொகுப்புகளில் அது சேர்ந்தே வருகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ‘இப்போதுதான் வந்திருக்கிறது, துணைதான் கொண்டுவந்திருக்க வேண்டும்’ என்று குற்றம் சாட்டுவது பெரும் அநியாயம். ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் முதல் கொப்புளம் தோன்றலாம். யார் யாருக்குக் கொடுத்தார் என்று தீர்ப்பு எழுதும் ஆற்றல் எந்த ஹெர்பீஸ் பரிசோதனைக்கும் இல்லை.

எண்ணைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பது

அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஐஜிஜி பரிசோதனைகளில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-ஐத் தாண்டினால் பாசிட்டிவ், இடைப்பட்டது தெளிவற்றது. இரண்டாம் வகைக்கு 1.1 முதல் 3.0 வரை வரும் எண்ணை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். இந்தத் தாழ்ந்த வரம்பில் வரும் பாசிட்டிவ்களில் பொய்யானவை ஏராளம். அதனால்தான் வேறொரு முறையில் இரண்டாவது பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்று மேற்சொன்ன மையத்தின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை இதற்கான அளவுகோலாக நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. அது எல்லோருக்கும் கைக்கெட்டுவதில்லை. கிடைக்காத இடத்தில், ‘உறுதியாகவில்லை’ என்பதே நேர்மையான பதில். 2023-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இரண்டாம் வகைப் பரிசோதனைகளின் பொய்ப் பாசிட்டிவ் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 1000 பேரில் உண்மையில் 50 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை 95 விழுக்காடு துல்லியமானது. அந்த 50 பேரில் ஏறத்தாழ 48 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். தொற்றே இல்லாத 950 பேரிலும் ஐந்து விழுக்காடு தவறு நேரும். அதுவும் ஏறத்தாழ 48 பேர். ஆக, பாசிட்டிவ் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை! அறிகுறி இல்லாதவர்களைப் பொத்தாம்பொதுவாகப் பரிசோதிக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-இலும் மீண்டும் 2023-இலும் பரிந்துரைத்ததற்கு இத்தகைய கணக்கும் ஒரு காரணம்.

எண்ணை மிகைப்படுத்திப் படிப்பதும் தவறுதான். 8 என்று வந்தவருக்கு நோய் கடுமை, 4 என்று வந்தவருக்கு மிதம் என்றெல்லாம் இல்லை. அது வைரஸின் அளவும் அல்ல. ஒருமுறை உறுதியான பிறகு, எண் குறைகிறதா என்று மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதால் பணமும் நிம்மதியும் போவதுதான் மிச்சம்.

நெகட்டிவ் அறிக்கைக்கும் எல்லை உண்டு. எதிர்ப்பொருள் உருவாக வாரங்கள் ஆகும். சந்தேகத்துக்குரிய உறவுக்குப் பத்து நாளில் எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் அதற்கு மதிப்பில்லை. 12 வாரங்கள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் வகைக்கான ஐஜிஜி பரிசோதனை, உண்மையில் தொற்று உள்ளவர்களில் கணிசமானோரைத் தவறவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

புண் இருக்கும்போது ரத்தம் கொடுப்பது

இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் கையில் வந்த வாய்ப்பு நழுவிப்போகிறது. கொப்புளமோ புண்ணோ கண்ணுக்குத் தெரியும் நாளில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை அல்ல. அந்தப் புண்ணிலிருந்தே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனை. அதுதான் ‘இந்தப் புண்ணில் இந்த வைரஸ் இருக்கிறதா, எந்த வகை’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும். வகை தெரிவதிலும் பயன் உண்டு: பிறப்புறுப்பில் முதல் வகை வந்தவர்களுக்கு, இரண்டாம் வகைக்காரர்களைவிட மறுபடி மறுபடி வருவது மிகக் குறைவு.

காலம் இங்கே முக்கியம். புண் தோன்றிய முதல் ஓரிரு நாட்களில் மாதிரி எடுப்பது சிறந்தது. பொருக்கு கட்டி ஆறத் தொடங்கிய பின், அல்லது வைரஸ் எதிர்ப்பு மாத்திரை சாப்பிட்ட பின் எடுத்தால், வைரஸ் இருந்தும் நெகட்டிவ் வரலாம். புண் வந்த பிறகு நேரம் கேட்டால், மருத்துவமனையில் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்பார்கள். அதற்கு முன்பே, அமைதியான ஒரு நாளில் மருத்துவரிடம் பேசி, ‘புண் வந்தால் அன்றே வந்து மாதிரி கொடுக்கலாமா’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகுமுன் களிம்பு எதையும் தடவாதீர்கள். வெளிச்சத்தில் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், புண்ணே இல்லாத தோலில் மாதிரி எடுத்து நெகட்டிவ் வந்தால், அதற்காக நிம்மதியடையவும் காரணமில்லை. வைரஸ் தோலுக்கு வருவதும் மறைவதுமாகவே இருக்கும்.

ஹெர்பீஸின் நடத்தையை மறந்துவிடுவது

ஹெர்பீஸ் வரும், போகும். முதல் தடவை கடுமையாக, இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். அடுத்தடுத்த தடவைகள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். வருமுன் அதே இடத்தில் ஒரு கூச்சமோ எரிச்சலோ தோன்றும், பிறகு புண், பிறகு முழு அமைதி. சிலருக்குக் கொப்புளமாக இல்லாமல் மெல்லிய வெடிப்பாகவோ சிறு சிவப்பாகவோ வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் எரிகிறது, புண் ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால், எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள ஒருவருக்கு அது ஹெர்பீஸின் போக்கு அல்ல. ஐஜிஜி உண்மையாகவே பாசிட்டிவாக இருந்தாலும்கூட, இந்த எரிச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஒருவருக்கு இரண்டு பிரச்சினைகள் இருக்கக் கூடாது என்று விதி இல்லை.

அந்த வேறு காரணங்களில் பல தீர்க்கக்கூடியவை. அதனால்தான் ஹெர்பீஸ் என்ற சொல்லில் தேடல் நின்றுபோவது இத்தனை கேடு செய்கிறது. சோப்பு, ஈரத் துடைப்புத்தாள், வாசனைப் பொருள், ஆணுறையின் ரப்பர், ஏன், எரிச்சலுக்கென்று தடவும் களிம்பேகூட ஒவ்வாமையை உண்டாக்கும். பயந்தவர்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை கிருமிநாசினியால் கழுவுவார்கள். தோல் இன்னும் புண்படும். ‘நோய் முற்றுகிறது’ என்று பயம் கூடும். ஈஸ்ட் தொற்று, பாக்டீரியல் வஜைனோசிஸ், டிரைக்கோமோனாஸ், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் ஆகிய கிருமிப் பிரச்சினைகளை உரிய பரிசோதனைகளால் கண்டுபிடிக்கலாம். தோல் வெளுத்து, மெலிந்து, கடுமையாக அரிக்கும் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. கவனிக்காமல் விட்டால் தழும்பும், சிறு அளவில் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மட்டுமே வறட்சியும் எரிச்சலும் வரும்.

ஹெர்பீஸை அப்படியே நகலெடுக்கும் ஒன்று உண்டு: மருந்து ஒவ்வாமையால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் புண். சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக், டெட்ராசைக்ளின், சில வலிநிவாரணிகள் ஆகியவற்றைச் சாப்பிடும்போதெல்லாம், குறிப்பாக ஆண்குறியின் முனையில், அதே இடம் சிவந்து புண்ணாகும். ஆறிய பின் கருத்த தடம் விட்டுச்செல்லும். ஒவ்வொரு தடவையும் புண் வருவதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் வலி மட்டும் இருப்பவர்கள்தான் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். பெண்களுக்குத் தெளிவான காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி வல்வோடினியா எனப்படுகிறது. ஆண்களுக்கு நாள்பட்ட இடுப்பு வலி நோய்த்தொகுதி, ஆண்குறி முனையிலும் விதைப்பையிலும் எரிச்சலாக உணரப்படலாம். இடுப்புத்தளத் தசைகள் எந்நேரமும் இறுகியிருப்பதும், பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு அழுத்தப்படுவதும் இதே துன்பத்தைத் தரும். உட்கார்ந்தால் வலி கூடுகிறது, எழுந்து நின்றால் குறைகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். இவை மனப்பிரமை அல்ல. இடுப்புத்தளத்துக்கான பிசியோதெரபியும் நரம்பு வலிக்கான மருந்துகளும் பலருக்குப் பலன் தருகின்றன. ‘எல்லாப் பரிசோதனையும் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரோ, நாள்பட்ட இடுப்பு வலியைக் கவனிப்பவரோ ஏற்றவர்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: வலியில்லாத ஒற்றைப் புண் வந்து சில வாரங்களில் தானாக ஆறிவிட்டது என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான் தொடங்கும். பிறப்புறுப்பில் புண் வந்த எவரும் சிஃபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளைச் செய்துகொள்வது கட்டாயம்.

மருந்தைப் பரிசோதனையாக்குவது

‘ஹெர்பீஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டேன், ஐந்து நாளில் சரியானது, ஆகவே ஹெர்பீஸ்தான்.’ இந்த வாதம் நிற்காது. பல புண்கள் ஐந்து நாளில் தாமாகவே ஆறும். இதைவிடக் கெடுதலானது, ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்புகளைத் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் தடவுவது. பிறப்புறுப்புத் தோல் மெல்லியது. ஸ்டீராய்டை அளவின்றித் தடவினால் தோல் மெலிந்து சிவந்து, விட்டவுடன் நெருப்பாய் எரியும். படர்தாமரை இருந்தால் அதன் உருவத்தையே மாற்றி, மருத்துவரையும் குழப்பும்.

சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, புண்ணோடு கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும், கண்ணில் வலியும் சிவப்பும், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது ஆகியவை வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணுக்கும் கடினமான தடிப்புக்கும் தோல் துணுக்கெடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஹெர்பீஸ் உறுதியாகிவிட்டால், அதை மறைத்து வாழ்வது தவறு, குறிப்பாகக் கர்ப்ப காலத்தில். பழைய தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் ஆபத்து மிக அதிகம். ஆகவே துணைக்கு ஹெர்பீஸ் இருந்து கர்ப்பிணிக்கு இல்லையென்றாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைசி மாதங்களில் உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். தாய்க்கே தொற்று இருந்தால், 36-ஆம் வாரத்திலிருந்து வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்து, பிரசவ நேரத்தில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போது புண் இருந்தால் சிசேரியன் செய்கிறார்கள்.