பழைய வினைல் தட்டுகளில் பாப்-ராக் ஆல்பங்களைத் தேடி வாங்கும் முறை

பழைய இசைத்தட்டுகளைப் புதிதாக வாங்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அரிய பதிப்புகளையே தேடிச் செல்கிறார்கள். என் கருத்தில், ஒரு காலத்தில் அளவின்றி விற்ற ஆல்பங்களிலிருந்து தொடங்குவதே சரியான வழி. கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி' (1971), ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977), சூப்பர்டிராம்ப் குழுவின் 'பிரேக்ஃபாஸ்ட் இன் அமெரிக்கா' (1979) போன்றவை லட்சக்கணக்கில் அச்சாகி விற்றவை என்பதால், ஒரு பிரதி கெட்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த பிரதிக்காகக் காத்திருக்கலாம்.

அட்டையின் அழகைப் பார்த்து விலை பேசத் தொடங்க வேண்டாம். தட்டை வெளியே எடுத்து, விளிம்பையும் நடுவிலுள்ள லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, ஒற்றை விளக்கின் அடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் ஒலியில் தெரிவதில்லை. ஆழமான கீறலே சிக்கல். அதிலும் வரிகளை, அதாவது ஊசி ஓடும் நுண்ணிய பள்ளங்களை, குறுக்கே வெட்டும் கீறல் 'டிக் டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடலாம். வரியின் போக்கிலேயே ஓடும் கீறலோ ஊசியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடவோ ஒரே இடத்தில் சுற்றவைக்கவோ கூடும். பிறகு தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் உள்ள பெயரையும் படித்துவிடுங்கள். அட்டைக்குள் வேறொரு தட்டு இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்று உண்டு. பழைய தட்டுகளை வாங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். எல்.பி. தட்டு (முழு ஆல்பத்துக்கான நீண்ட இசைத்தட்டு) நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழன்றாலும், உள்ளே போகப்போக வட்டம் சிறுத்துக்கொண்டே வருவதால், ஊசியின் அடியில் ஒரு நொடியில் கடந்துபோகும் வரியின் நீளம், வெளி விளிம்பில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டராக இருந்தது, லேபிளின் அருகே சுமார் 20 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருங்கி நிற்பதால், தேய்ந்த ஊசியாலோ, ஊசியைத் தாங்கும் கை கனமாக அழுத்தியோ ஓட்டப்பட்ட தட்டு முதலில் கெடுவது அங்கேதான். ஆகவே கடையில் போட்டுக் கேட்க அனுமதி கிடைத்தால், முதல் பாட்டைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கேளுங்கள். உச்சத்தில் பாடும் குரலிலும் 'ஸ' ஒலிகளிலும் கரகரப்பு கேட்டால் அந்தத் தட்டை வைத்துவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

விற்பவர்கள் எழுதும் தரக்குறியீடுகளை அவற்றின் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'குட்' என்று குறித்த தட்டு உண்மையில் மோசமானது. நிம்மதியாகக் கேட்க 'வி.ஜி. பிளஸ்' ('வெரி குட் பிளஸ்') அல்லது அதற்கு மேலான தரம் வேண்டும்.

லேபிளைச் சுற்றியுள்ள வரியற்ற பகுதியில் பொறித்திருக்கும் எண்களும் எழுத்துகளும், அந்தப் பிரதி எந்த வெட்டிலிருந்து, அதாவது அச்சுக்கான மூலத்தட்டில் இசையை வரிகளாகப் பொறித்த எந்த முறையிலிருந்து, வந்தது என்பதைச் சொல்லும். லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் ஆல்பத்தில் (1969) 'ஆர்.எல்.' என்ற எழுத்துகளைக் கண்டால், அது ஒலிப் பொறியாளர் ராபர்ட் லட்விக் வெட்டிய, ஓங்கிய ஒலிக்குப் பெயர்பெற்ற பதிப்பு. இத்தகைய வேட்டை சுவையானதுதான். ஆனால் முதல் பத்துத் தட்டுகளுக்கு அது தேவையில்லை. தேயாத சாதாரணப் பதிப்பு, தேய்ந்த முதற்பதிப்பைவிட நன்றாக ஒலிக்கும்.

வாங்கிய தட்டைக் கழுவாமல் ஊசியின் கீழ் வைக்க வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்மையான சோப்புத் திரவத்தைக் கலந்து, லேபிள் நனையாமல், மெல்லிய துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து, தூய நீரால் மறுபடி அலசி உலரவிடுங்கள். பழைய காகித உள்ளுறையை மாற்றுங்கள். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஊசியின் அழுத்தம், ஊசி பொருத்தப்பட்ட காட்ரிட்ஜ் என்னும் சிறு பாகத்தின் தயாரிப்பாளர் குறித்த அளவில், பொதுவாக 1.5 முதல் 2 கிராம் வரை, இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. பிடிப்பில்லாத ஊசி வரிக்குள் துள்ளி இன்னும் அதிகமாகக் கெடுக்கும்.

கேட்கும்போது ஒரு பக்கத்தை முழுதாகக் கேளுங்கள். பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு' (1969) ஆல்பத்தின் முதல் பக்கம், கனத்துக்கொண்டே போகும் கிட்டார் முழக்கத்தின் நடுவே கத்தரித்ததுபோல் சட்டென்று நின்றுவிடும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடும்வரை அறையில் நிலவும் அந்த அமைதிக்குப் பிறகுதான், ஜார்ஜ் ஹாரிசனின் மென்மையான கிட்டாரோடு இரண்டாம் பக்கம் தொடங்கும்.