வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்தும் முன்: ஏமாற்றும் ஒப்பந்ததாரரை இனங்காண்பது எப்படி?

எங்கள் மாடிக் குளியலறையில் தரையை உடைத்துப் புது ஓடு பதித்தோம். மூன்றாவது மாதம் கீழ் அறையின் கூரையில் ஈரம் படர்ந்தது. உடைத்துப் பார்த்தபோது, ஓட்டுக்கு அடியில் பூசுவதாகச் சொன்ன நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இல்லவே இல்லை. ஒப்பந்ததாரர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஓடு பதித்து முடிப்பதற்குள்ளாகவே ஏறக்குறைய முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டிருந்தேன்.

அந்த வீட்டில் இன்னொரு முறை வேலை வைத்தபோது கடைப்பிடித்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முறையாக வீட்டில் கொத்தனாரை இறக்கப்போகிறவர்களுக்காக இது.

படி 1: என்ன வேலை என்பதை நீங்களே எழுதுங்கள்

ஒப்பந்ததாரரைக் கூப்பிடும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எந்த அறை, என்ன நீளம் அகலம், எதை உடைக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, உடைத்த குப்பையை யார் அகற்றுவது என்பது வரை. “சமையலறையைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்” என்று மட்டும் சொன்னால், அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

படி 2: மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள்

மூவருக்கும் அதே தாளைக் கொடுங்கள். அளவு நாடாவை எடுத்து அளந்தாரா, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டாரா என்று கவனியுங்கள். வாசலில் நின்றபடியே மொத்தத் தொகை சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பொருள், கூலி, அளவு மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்ட மதிப்பீடே மதிப்பீடு. மற்ற இருவரையும்விட ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால், அவர் எதை விட்டுவிட்டார் என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்டது பெரும்பாலும் பாதி வேலையில் ‘கூடுதல் செலவு’ என்று திரும்பி வரும்.

படி 3: பழைய வேலையைப் போய்ப் பாருங்கள்

கைப்பேசியில் காட்டும் படங்கள் யாருடைய வேலையாகவும் இருக்கலாம். போன மாதம் முடித்த வீடும் போதாது, அன்று எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டாரிடம், “குறை சொன்னபோது திரும்ப வந்தாரா?” என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

முடிந்தால் இப்போது நடக்கும் வேலையையும் பாருங்கள். சிமெண்ட் மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல் இருக்கின்றனவா, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிக் குழைத்த கலவை வலுவிழந்துவிடும்.

படி 4: இந்தப் பேச்சைக் கேட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்

“பக்கத்தில் வேலை செய்தோம், பொருள் மிஞ்சியிருக்கிறது” என்று அழைக்காமலேயே கதவைத் தட்டுபவர். “இந்தச் சுவர் இன்றோ நாளையோ விழுந்துவிடும்” என்று பயமுறுத்துபவர். இன்றே முன்பணம் கொடுத்தால்தான் இந்த விலை என்பவர். ரசீது, அனுமதி எதுவும் வேண்டாம் என்பவர். சுவர் உண்மையிலேயே ஆபத்தாகத் தோன்றினால், அந்த வேலையில் எந்த லாபமும் இல்லாத ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு. ஏமாற்றும் எண்ணமே இருக்காது, ஆனால் ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலை பிடித்துவிட்டு, உங்கள் முன்பணத்தில் இன்னொருவர் வீட்டை முடித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு இனிமையாக இருக்கும். ஆட்கள்தான் வரமாட்டார்கள். இப்போது கையில் எத்தனை வேலை இருக்கிறது, தினமும் எத்தனை பேர் வருவார்கள் என்று நேராகக் கேளுங்கள்.

படி 5: ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள்

இரண்டு பக்கம் போதும். பொருளின் நிறுவனப் பெயர், தரம், தடிமன், தொடங்கும் நாள், முடியும் நாள், தவணைகள், கூடுதல் வேலை என்றால் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்ற வரி, அவருடைய சரியான முகவரி. ‘நல்ல தரமான பொருள்’ என்று எழுதினால் அது எதையும் கட்டுப்படுத்தாது.

படி 6: பணம் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும்

முன்பணத்தை முதல் கட்டத்துக்குத் தேவையான பொருளின் அளவுக்குள் வையுங்கள். முடிந்தால் பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மற்றதைத் தேதிக் கணக்கில் தராமல், முடித்த கட்டத்தின் கணக்கில் தாருங்கள்: உடைத்து அகற்றியதும் ஒன்று, குழாயும் மின்கம்பியும் சோதித்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று. “ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்” என்று அடுத்த தவணையை முன்கூட்டியே கேட்கும்போது மனம் இளகும். எனக்கும் இளகியது. அந்த இடத்தில்தான் பிடி நழுவியது. கடைசி 5 முதல் 10 சதவீதத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைப்பது கட்டுமான ஒப்பந்தங்களில் பரவலான வழக்கம்தான். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையானவர் மறுக்கமாட்டார்.

படி 7: மூடும் முன் பாருங்கள்

மோசடி பெரும்பாலும் பூச்சுக்கும் ஓட்டுக்கும் அடியில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே ‘நான் பார்க்காமல் எதையும் மூடக்கூடாது’ என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

குளியலறையில் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்குகிறதா, கீழ்க்கூரை நனைகிறதா என்று பார்த்த பிறகே ஓடு. சுவருக்குள் போகும் குழாயை அழுத்தச் சோதனை செய்யாமல் பூசவிடாதீர்கள். குழாயும் மின்கம்பியும் போகும் வழியை, பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போதும் அந்தப் படம் உதவும்.

கான்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பியில் எடைக் குறைப்பு நடக்கும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ இருக்க வேண்டும். ஒரு துண்டை எடை போட்டாலே தெரிந்துவிடும்.

கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில்தான் அளப்பார்கள். முதல் 7 நாளாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். “இரண்டு நாள் தண்ணீர் விட்டால் போதும்” என்பவருக்கு அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம் இருக்கிறது. ஓடு பதித்து, ஒட்டிய கலவை நன்றாக இறுகியதும் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை.

படி 8: ஏற்கெனவே சிக்கிக்கொண்டால்

அடுத்த தவணையை நிறுத்துங்கள். நடந்த வேலையைத் தேதியுடன் படம் எடுங்கள். குறைகளை வரிசையாக எழுதி, சரிசெய்ய ஒரு கெடு வைத்து, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், புது ஆளை இறக்கும் முன் ஒரு பொறியாளரை வைத்து, முடிந்தது எவ்வளவு, குறை என்ன என்று அளந்து அறிக்கை வாங்குங்கள். புதியவர் கை வைத்துவிட்டால் எது யாருடைய குறை என்று நிரூபிப்பது மிகக் கடினம். நான் அந்த அறிக்கையை வாங்காமல் ஓடுகளை உடைத்துவிட்டேன். நீங்கள் வாங்கிவிட்டு உடையுங்கள்.